ஒரு நகரமும் சில படச்சுருள்களும்

1921ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பாரிஸ் நகரில் குடியிருந்த அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ், தம் பிறந்த ஊராகிய டப்ளினில் இருந்த தாய்மாமன் மனைவிக்கு, அதாவது நம் முறையில் அத்தைக்கு, ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் கேட்ட கேள்வி விந்தையானது. டப்ளினில் எக்கிள்ஸ் தெரு 7ஆம் எண் வீட்டின் முன்னால், தெரு மட்டத்துக்குக் கீழே, பள்ளமான ஒரு சிறு முற்றம் உண்டு. அதைச் சுற்றி இரும்புக் கம்பித் தடுப்பு. சாதாரண உடல்வாகுடைய ஓர் ஆள் அந்தத் தடுப்பின் மேல் ஏறி, அப்புறம் தொங்கி, தரைக்கு இரண்டு மூன்று அடி இருக்கும்போது கையை விட்டால், அடிபடாமல் கீழே இறங்க இயலுமா? நல்ல உடற்கட்டுள்ள ஒருவர் அவ்வாறு இறங்கியதை அவர் முன்பே கண்டிருக்கிறார். ஆனால் அவருடைய கதைமாந்தராகிய லியோபோல்டு புளூம் நடுவயதுக்காரர். விளம்பரம் சேகரித்துப் பிழைப்பவர். நள்ளிரவு கடந்து வீடு திரும்புகையில் சாவியை மறந்துவிட்டவர். அவரால் இயலுமா என்பதே ஐயம். அதற்கு முந்தைய ஆண்டில், சாண்டிமவுன்ட் பகுதியிலுள்ள மாதா கோயிலின் பின்புறம் மரங்கள் உண்டா, அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கப் படிகள் உண்டா என்றும் இதே அத்தையிடம்தான் அவர் கேட்டிருந்தார்.

‘யுலிஸிஸ்’ நாவல் 1922ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் வெளிவந்தது. அதன் அமைப்பைப் பற்றியும், கிரேக்கக் காவியத்தோடு அதற்குள்ள உறவைப் பற்றியும், நனவோடை உத்தியைப் பற்றியும் தமிழிலேகூடப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கம்பித் தடுப்பைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஊரை விட்டு வெகுதொலைவு வந்து வாழ்கிற இம்மலரின் வாசகர்களுக்கு அக்கடிதத்தின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை என நினைக்கிறேன். ஊரில் நடக்கும் பெருஞ்செய்திகளை நாளிதழ்கள் சொல்லிவிடும். நம் தெருக்கோடி வீட்டுத் திண்ணைக்கு எத்தனை படி என்பதை எந்த நாளிதழும் சொல்லாது. அதற்கு ஓர் அத்தைதான் வேண்டும்.

அத்தையும் இல்லாத காலத்தில் யாரைக் கேட்பது? டப்ளின் நகரத்தைப் பொறுத்தமட்டில், இத்தகைய கேள்விக்கு விடை வைத்திருப்பவை பெரிய நிறுவனங்கள் தயாரித்த படங்களல்ல, அமெச்சூர்கள் எடுத்த சிறு சுருள்களே என்பது என் கருத்து. அவற்றை எடுத்தவர்கள் அந்த விடைகளை வைத்துச் செல்வதாக எண்ணியதுமில்லை. அப்படங்களைக் கலைநயம் கருதி எடைபோட்டால் பெரும்பாலானவை தேறமாட்டா. ஆயினும் கலைநயத்தை மட்டும் கேட்டுவிட்டு நகர்வது நல்ல திறனாய்வு ஆகாது. அதே வேளையில், பழைய சுருள் என்ற ஒன்றுக்காகவே ஒரு படத்தைப் பார்த்துக் கண் கலங்குவதையும் நான் ஏற்பதற்கில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று சில படங்களைப் பார்க்க விரும்புகிறேன்.

திரைப்படம் டப்ளினுக்குப் புதிதன்று. 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாளே டான் லோரி என்பவரின் கேளிக்கை அரங்கில் அசையும் படம் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டில் லூமியேர் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் ப்ரோமியோ டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் வந்து தெருக்களைப் படம் பிடித்தார். அந்நகரின் முதல் நிலையான திரையரங்கு என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் வோல்ட்டாவை, 1909ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் மேரி தெரு 45ஆம் எண் கட்டடத்தில் திறந்து வைத்தவர் வேறு யாருமல்லர், நம் ஜாய்ஸ்தான். திரியெஸ்தே நகரிலிருந்து பிழைப்புக்கு வழி தேடி வந்தவர், அந்நகர வணிகர் சிலரின் முதலைக் கொண்டு இதைத் தொடங்கினார். காட்டியவை பெரும்பாலும் ஐரோப்பியப் படங்கள். அடுத்த ஆண்டே நட்டத்துக்கு விற்கவேண்டி வந்தது. நகரத்தைச் சொல்லில் அணு அணுவாகக் கட்டிய மனிதர் அந்நகர மக்களுக்கு அயலூர்ப் படங்களைக் காட்டித் தோற்றார் என்பது சிந்திக்கத் தக்கது.

பின்னர் அயர்லாந்தைப் பற்றி உலகப் புகழ் பெற்ற படங்கள் வரத் தொடங்கியபோது அவை நகரத்தை நாடவில்லை. 1934இல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த ‘மேன் ஆஃப் ஆரன்’ மேற்குக் கடலோரத் தீவு ஒன்றின் மீனவர் வாழ்வைக் காட்டியது. அலையும் பாறையும் அதில் வியக்கத்தக்க அழகோடு அமைந்துள்ளன. ஆனால் அப்படத்தில் வரும் குடும்பம் உண்மைக் குடும்பமன்று. முகவெட்டுக்காகத் தேர்ந்து சேர்த்தவர்கள். அதில் வரும் பெருஞ்சுறா வேட்டையோ, அத்தீவினர் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆன தொழில். படத்துக்காக அவர்களுக்கு மீண்டும் கற்றுக் கொடுக்கப்பட்டது. பெரிய காமிராவுக்கு அயர்லாந்து என்றால் மேற்குக் கரை, கம்பளிச் சட்டை, புயல். தலைநகரத்தில் ஒரு குமாஸ்தா காலையில் சைக்கிளில் அலுவலகம் போவது அதன் கண்ணுக்கு அயர்லாந்தாகத் தெரியவில்லை. ஆகவே அந்தக் குமாஸ்தா அமெச்சூர்களின் பங்குக்கு வந்து சேர்ந்தார்.

அமெச்சூர் என்ற சொல் நம் நாடகக் குழுக்களின் வழியாக நமக்குப் பழக்கமானதே. கருவியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பாத்தே நிறுவனம் 1922இல் 9.5 மி.மீ. சுருளையும், கோடாக் நிறுவனம் 1923இல் 16 மி.மீ. சுருளையும், 1932இல் 8 மி.மீ. சுருளையும் கொண்டுவந்தன. சூப்பர் 8 வந்தது 1965இல். நூறடி நீளமுள்ள 16 மி.மீ. சுருள், விநாடிக்குப் பதினாறு சட்டகம் என்ற வேகத்தில் ஏறத்தாழ நான்கு நிமிடம் ஓடும். சூப்பர் 8 சுருளோ மூன்று நிமிடம் இருபது விநாடி. அக்காலக் காமிராக்கள் பெரும்பாலும் கடிகாரம்போல் சாவி கொடுத்து முடுக்கப்படுபவை. ஒரு முறை முடுக்கினால் அரை நிமிடம் ஓடுவதே பெரிது. ஒலி இல்லை. சுருளின் விலையும் கழுவும் செலவும் கூலிக்காரர் வீட்டுக்கு எட்டாதவை. எனவே அமெச்சூர் என்பவர் மருத்துவர், வணிகர், வழக்கறிஞர், பாதிரியார் ஆகியோருள் ஒருவராகவே பெரும்பாலும் இருந்தார். 1914இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை, டப்ளினில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் தலைக்கு ஓர் அறை என்ற நிலையில் வாழ்ந்ததாகக் கணக்கிட்டது. ஒற்றை அறைக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுத்த சுருள் நமக்குக் கிட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வெளியேயிருந்து அந்த அறைகளைப் பார்த்து எடுத்தவைதான் கிட்டும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே செல்லவேண்டும்.

அமெச்சூர்கள் எல்லோரும் அன்றாட வாழ்வைப் படம் பிடித்தார்கள் என்று எண்ணிவிட வேண்டா. கலையார்வம் மிக்க டப்ளின் நாடகக்காரர்கள் 1930களில் கதைப்படமே எடுக்க முனைந்தார்கள். அவற்றுள் பெயர் பெற்றது ‘கெஸ்ட்ஸ் ஆஃப் தி நேஷன்’. கார்க் நகரத்து எழுத்தாளர் ஃப்ராங்க் ஓ’கானர் 1931இல் வெளியிட்ட புகழ்பெற்ற சிறுகதையை மேரி மேனிங் திரைக்கதையாக்க, நாடகாசிரியர் டெனிஸ் ஜான்ஸ்டன் இயக்கினார். பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு, சிரில் குசாக் போன்ற மேடை நடிகர்கள் ஊதியம் கருதாது நடித்தார்கள். 1935இல் படம் காட்டப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பேசும்படம் வந்துவிட்டிருந்தும் இது ஊமைப்படமே. அவர்களுடைய உழைப்பைப் போற்றத்தான் வேண்டும். எனினும் மூலக்கதையின் உயிர் எதில் இருக்கிறது? பிணைக்கைதிகளாக வைக்கப்பட்ட இரண்டு ஆங்கிலச் சிப்பாய்களும் அவர்களைக் காவல் காக்கும் அயர்லாந்து இளைஞர்களும் சீட்டாடிக்கொண்டே ஓயாது பேசும் பேச்சில் இருக்கிறது. அந்தப் பேச்சினூடே நட்பு வளர்ந்த பிறகு, அவர்களைச் சுட்டுக் கொல்ல ஆணை வருகிறது. படிக்கும் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. பேச்சைப் பறித்துவிட்ட படத்தில் சம்பவம் நிற்கிறது, பதைப்புக் குறைகிறது. பெரிய படங்களைப்போல் ஒன்றை எடுத்துக் காட்டவேண்டும் என்ற ஆவல், அமெச்சூரிடமுள்ள தனிச்சொத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த சுருளுக்கு வருகிறேன். இதை நல்ல படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

‘யுலிஸிஸ்’ நாவலின் நிகழ்ச்சிகள் அனைத்தும் 1904ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் என்ற ஒரே நாளில் நடப்பவை. அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவாகிய 1954 ஜூன் 16 அன்று, டப்ளின் எழுத்தாளர் சிலர் அந்நாவலின் மாந்தர் சென்ற வழியே நகரைச் சுற்றி வரத் திட்டமிட்டார்கள். சட்டப்படித் தடை இல்லாவிட்டாலும் அயர்லாந்துக் கடைகளில் அந்நூல் எளிதில் கிடைக்காத காலம் அது. ஏற்பாடு செய்தவர்கள் இருவர். ஒருவர் ஜான் ரயன். ஓவியர், 1949 முதல் 1951 வரை ‘என்வாய்’ என்ற இலக்கிய ஏட்டை நடத்தியவர். மற்றவர் பிரையன் ஓ’நோலன். ஃபிளான் ஓ’பிரையன் என்ற பெயரில் நாவல்களும் வேறொரு புனைபெயரில் நாளிதழ்ப் பத்தியும் எழுதியவர். உழவர் குடியில் பிறந்த கவிஞர் பேட்ரிக் கவனா, இளங்கவிஞர் அந்தோணி குரோனின், டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த யூதரான லெவந்தால், ஜாய்ஸின் உறவினராகிய பல் மருத்துவர் ஒருவர் ஆகியோர் உடன் சேர்ந்தனர். லெவந்தாலை அழைத்ததற்கு, நாவலின் புளூம் யூதர் என்பதே காரணம். பல் மருத்துவரோ அந்நூலைப் படித்ததே இல்லையாம்! பழைய பாணிக் குதிரை வண்டிகள் இரண்டு அமர்த்தப்பட்டன. நாவல் தொடங்கும் சாண்டிகோவ் கோபுரத்துக்கு அருகே, கட்டடக்கலைஞர் மைக்கேல் ஸ்காட் என்பவரின் இல்லத்திலிருந்து புறப்பட்டார்கள். இரவு நகரின் பழைய பரத்தையர் பகுதியில் முடிப்பது திட்டம். அவ்வளவு தூரம் போகவில்லை. வழியெல்லாம் மதுக்கடைகளில் நின்று நின்று, நகர மையத்திலுள்ள ‘பெய்லி’ மதுக்கடையோடு பயணம் முற்றுப்பெற்றது.

ரயன் கையில் ஒரு சிறு காமிரா இருந்தது. அவர் எடுத்த ஓசையற்ற துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. குதிரை வண்டியும், கோட்டும் தொப்பியும் அணிந்த ஆண்களும், கடற்கரையும், தள்ளாட்டமும் அவற்றில் உள்ளன. ஒளிப்பதிவில் நிதானம் இல்லை. யார் முக்கியம், எது முக்கியம் என்று காமிராவுக்கே தெரியவில்லை. கோபுரத்தின் பக்கமாகச் சரிவில் ஏற முயன்றபோது முன்னே ஏறிய கவனாவின் காலை ஓ’நோலன் பிடித்து இழுத்ததையும், அதனால் எழுந்த பூசலையும் குரோனின் பின்னர் எழுதியிருக்கிறார். எழுத்தில் படிக்கும்போது அது நகைச்சுவையான காட்சி. சுருளில் காணும் ஓ’நோலனோ நகைச்சுவைக்காரராகத் தெரியவில்லை. முந்தைய ஆண்டில் அரசுப் பணியை விட்டு நீங்கியவர், குடியால் நலிந்தவர். இந்த ஒரு பார்வைக்காகவே அச்சுருள் காப்பாற்றத் தக்கது என்பேன். அவருடைய நூல்களைப் படித்துச் சிரித்தவர்கள் அந்த மனிதரையும் ஒருமுறை பார்க்கட்டும்.

இலக்கியப் பெருமக்களைத் தாண்டி, அவர்கள் பின்னால் இருப்பதைப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். நாவலில் டிராம் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நெல்சன் தூணடியிலிருந்து அவை நகரின் மூலை முடுக்கெல்லாம் புறப்படுவதை ஜாய்ஸ் ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே ஒலியோடு பதித்திருக்கிறார். ஆனால் 1949இலேயே டப்ளின் நகர டிராம்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. 1954இல் குதிரை வண்டியில் போகிறவர்கள் 1904ஆம் ஆண்டை வலிந்து நடித்துக் காட்டுகிறார்கள். அவர்களைச் சுற்றியிருக்கும் நகரமோ நடிக்கவில்லை. நடிப்பை எடுப்பதாக நினைத்துக்கொண்டு ரயன் நகரத்தை எடுத்திருக்கிறார். 1966க்கு முன் ஓ’கானல் தெருவில் எடுக்கப்பட்ட எந்தக் குடும்பச் சுருளையும் இவ்வாறே பார்க்கலாம். குழந்தையின் புதுச் சட்டைக்காக எடுத்த படத்தின் ஓரத்தில் நெல்சன் தூண் நிற்கும். 168 படிகள் கொண்ட அத்தூண் அவ்வாண்டு மார்ச்சு 8ஆம் நாள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் நிற்பது 2003இல் நிறைவெய்திய, 120 மீட்டர் உயரமுள்ள எஃகு ஊசி.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பெண்ணொருத்தியின் நீண்ட மனவோட்டத்தோடு முடிகிற நாவலைக் கொண்டாடக் கிளம்பிய அந்தக் கூட்டத்தில் பெண் ஒருவரும் இல்லை. கூட்டத்தில் இல்லையே தவிர, அன்று அவர்களைப் புகைப்படம் எடுத்தவர் ஒரு பெண்மணி. எலினார் வில்ட்ஷயர் என்ற அவர் டப்ளினில் புகைப்பட நிலையம் நடத்தியவர். நகரின் தெருக்களையும் மனிதர்களையும் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் படமெடுத்தவர். அவருடைய படங்கள் இன்று அயர்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. அந்த நாளைப் பற்றி ரயனும் குரோனினும் 1970களில் தத்தம் நினைவு நூல்களில் சுவையாக எழுதினார்கள். அவரும் எழுதியிருந்தால் நமக்கு வேறொரு ஜூன் 16 கிடைத்திருக்கும்.

அந்த எக்கிள்ஸ் தெரு வீடு என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்கலாம். அது இடிபட இருந்தபோது, 1967இல், அதன் கதவைக் கழற்றி எடுத்து வந்து தம் பெய்லி மதுக்கடையில் நிறுத்தியவர் இதே ஜான் ரயன். இப்போது அக்கதவு டப்ளினில் உள்ள ஜாய்ஸ் நினைவு மையத்தில் இருக்கிறது. வீடு இருந்த இடத்தில் மருத்துவமனை எழும்பிவிட்டது. கதவைக் காப்பாற்றியவருக்குக் கம்பித் தடுப்பைக் காப்பாற்றத் தோன்றவில்லை. புளூம் அன்றிரவு அந்தக் கதவின் வழியே வீட்டுக்குள் போகவில்லை; தடுப்பைத் தாண்டிக் குதித்துத்தான் போனார்.

அதே 1967ஆம் ஆண்டில் இரண்டு படங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் டப்ளினோடு தொடர்பு கொண்டன. ஒன்று, அமெரிக்கரான ஜோசஃப் ஸ்ட்ரிக் எடுத்த ‘யுலிஸிஸ்’. நாவலின் காலத்தைத் தம் காலத்துக்கு மாற்றிக்கொண்டு அவர் டப்ளினிலேயே படமாக்கினார். அயர்லாந்தில் அது தடை செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில்தான் அனுமதி பெற்றது. படம் நாவலைச் சுருக்கிச் சொல்கிறது; அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. மற்றொன்று, பீட்டர் லெனன் எடுத்த ‘ராக்கி ரோடு டு டப்ளின்’. லெனன் டப்ளினில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த பத்திரிகையாளர். அதற்குமுன் ஒரு படமும் இயக்கியவரல்லர். நண்பர் ஒருவர் பணம் கொடுக்க, பிரெஞ்சுப் புதிய அலையின் தலைசிறந்த ஒளிப்பதிவாளர் ரௌல் கூத்தாரை அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்கு வந்தார். இயக்குநர் கற்றுக்குட்டி, ஒளிப்பதிவாளர் பெருங்கலைஞர் என்ற இந்தச் சேர்க்கை வேறெங்கும் வாய்க்காதது.

விடுதலைக்கு உயிர் கொடுத்த நாடு, விடுதலை கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்தது என்பதே லெனன் எழுப்பும் வினா. அதற்கு விடையாக அவர் சொற்பொழிவு ஆற்றவில்லை, அன்றாடத்தைக் காட்டுகிறார். வகுப்பறையில் சிறுவர்கள் மறைக்கல்வி விடைகளை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். மதுக்கடையில் பாடுகிறார்கள். இளம் மனைவி ஒருத்தி தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளாமல், கருத்தடையைப் பற்றித் தன் பாதிரியாரிடம் கேட்கப் போய்ப் பட்ட பாட்டைச் சொல்கிறாள். மருத்துவமனையில் நோயாளிகளிடையே பாதிரியார் ஒருவர் வேடிக்கைப் பாட்டுப் பாடி ஆடுகிறார். மக்களோடு மக்களாகப் பழகும் நவீனப் பாதிரியார் என்று பெருமை பெற்றவர் அவர். 1993இன் இறுதியில் அவர் இறந்த பிறகு, அவருக்கு மறைவாகப் பிள்ளைகள் உண்டு என்ற செய்தி வெளிவந்து நாட்டையே உலுக்கியது. லெனனுக்கு இது தெரியாது, கூத்தாருக்கும் தெரியாது. எனினும் காமிரா அந்த மனிதர் மேல் சற்று அதிக நேரம் தங்குகிறது. பாட்டு முடிந்த பிறகும் தங்குகிறது. எதற்காக என்று யாரும் விளக்கவில்லை. கைதேர்ந்த தொகுப்பாளராக இருந்தால் அந்த இடத்தை நறுக்கியிருப்பார் என்று எனக்குப் படுகிறது. கற்றுக்குட்டியின் தயக்கத்தால் நமக்கு ஒரு சான்று கிடைத்திருக்கிறது.

1968 மே மாதம் கான் விழாவில், பாரிஸ் கிளர்ச்சியை ஒட்டி விழா நிறுத்தப்படுவதற்கு முன் கடைசியாகக் காட்டப்பட்டது இந்தப் படம். பாரிஸ் மாணவர்கள் அதை விரும்பிப் பார்த்தனர். அயர்லாந்தில் யாரும் தடை செய்யவில்லை. டப்ளினில் ஓர் அரங்கில் சில வாரம் ஓடியதோடு சரி. திரையரங்குகளும் தொலைக்காட்சியும் அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆணை எதுவும் இல்லாமலே ஒரு படத்தை எல்லோரும் சேர்ந்து மறக்க முடியும் என்பதை அந்நாட்டு வரலாறு காட்டியது. 2000க்குப் பின் அது புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தது. நான் இங்கே பேசும் படங்களுள் கலையாகவும் சான்றாகவும் ஒருங்கே நிற்பது இது ஒன்றே. ஆயினும் லெனன் பாரிஸிலிருந்து வந்தவர் என்பது சில இடங்களில் தெரிகிறது. ஊரை விட்டுச் சென்றவருக்கு ஊரின் மேல் இயல்பாகவே ஏற்படுகிற பொறுமையின்மை அவரிடம் உண்டு. ஊரிலேயே இருப்பவர்களின் தந்திரமான பொறுமையை அவரால் முழுவதும் புரிந்துகொள்ள இயலவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நமக்கும் விடுமுறைக்கு ஊர் போகும்போது அந்த நோய் வருவதுண்டு அல்லவா?

இறுதியாக, பார்ப்பதற்கு எளிதாகவும் நினைப்பதற்குக் கடினமாகவும் உள்ள ஒரு தொகுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். அயர்லாந்துத் திரைப்பட நிறுவனத்தின் ஆவணக்காப்பகம் டப்ளினில் யூஸ்டஸ் தெருவில், நண்பர் சபையினரின் பழைய வழிபாட்டுக் கட்டடத்தில், 1992 முதல் இயங்கி வருகிறது. 2016 முதல் தன் சேமிப்பிலிருந்து பல படங்களை இணையத்தின் வழியாகவும் அது காட்டுகிறது. வீட்டில் அமர்ந்தபடியே கடற்கரை உலாவையும் முதல் நன்மைச் சடங்கையும் திருமணங்களையும் பார்க்கலாம். அந்த ஆவணக்காப்பகம் போற்றிவரும் சேமிப்புகளுள் ஒன்று, 1930களில் ஜாக் டெலானி என்ற டப்ளின் பாதிரியார் எடுத்த சுருள்கள். அவர் காமிராவில் ஈடுபாடு மிக்கவர். வசதியான குடும்பத்தவர்களின் சுருள்களில் காணாத வடக்கு டப்ளின் ஏழை மக்களும் அவருடைய சுருள்களில் வருகிறார்கள். குளோஸ்டர் தெரு மடத்தைச் சேர்ந்த மக்தலீன் சலவைச் சாலையின் பெண்களும் வருகிறார்கள்.

மக்தலீன் சலவைச் சாலை என்பதை விளக்கவேண்டும். மணமாகாது கருவுற்றவர்கள், கருவுறுவார்களோ என்று அஞ்சப்பட்டவர்கள், ஏழைகள், ஆதரவற்றவர்கள் ஆகிய பெண்களைக் கன்னியர் மடங்கள் உள்ளே வைத்துக்கொண்டு, கூலியின்றி ஊரார் துணிகளை வெளுக்கச் செய்த இடங்கள் அவை. உள்ளே வந்த பெண்ணுக்கு வேறு பெயர் இடும் வழக்கமும் இருந்தது. அயர்லாந்து தனிநாடான 1922 முதல் 1996 வரை ஏறத்தாழ பத்தாயிரம் பெண்கள் இப்படிப்பட்ட பத்து நிறுவனங்களில் இருந்ததாக 2013ஆம் ஆண்டு அரசு அறிக்கை கூறுகிறது. குளோஸ்டர் தெருச் சாலை, தெருவின் பெயர் ஷான் மக்டெர்மட் தெரு என மாறிய பின்பும் தொடர்ந்து நடந்து, 1996 அக்டோபரில்தான் மூடப்பட்டது; மூடப்பட்டவற்றுள் கடைசி அது. 2013 பிப்ரவரி 19ஆம் நாள் நாட்டின் பிரதமர் நாடாளுமன்றத்தில் அப்பெண்களிடம் மன்னிப்புக் கோரினார்.

டெலானி அவர்களைக் குற்றம் சாட்டுவதற்காகப் படமெடுக்கவில்லை, மறைப்பதற்காகவும் எடுக்கவில்லை. அன்போடு எடுத்தார் என்றே கொள்ளவேண்டும். நாளிதழ்ப் புகைப்படக்காரர் நுழைய முடியாத அந்த மதிலுக்குள் அவர் காமிராவோடு நுழைய முடிந்தது, அவர் பாதிரியார் என்பதனால்தான். பூட்டியவர்கள் பக்கத்தில் நின்ற ஒருவர் எடுத்ததனாலேயே உள்ளே இருந்தவர்களின் அசையும் உருவம் நமக்குக் கிட்டியது. அன்பும் அதிகாரமும் ஒரே கையில் ஒரே காமிராவைப் பிடித்திருக்கும் இச்சுருளை எப்படிப் பார்ப்பது? அமெச்சூரின் கள்ளமின்மை என்று ஒன்றை நாம் அடிக்கடி பாராட்டுகிறோம். இந்தச் சுருளின்முன் அந்தப் பாராட்டை என்னால் உச்சரிக்க இயலவில்லை. ரயனின் சுருளில் பின்னணியைப் பார்த்தால் போதும் என்றேன். இங்கே பின்னணி என்று ஒன்று கிடையாது, மதில்தான் இருக்கிறது. ஜாய்ஸ் தம் அத்தையிடம் கேட்டதுபோல் நாமும் இங்கே கேட்கவேண்டியிருக்கிறது: அந்த மதில் எவ்வளவு உயரம்? சாதாரண உடல்வாகுடைய ஒரு பெண் அதில் ஏறி, மறுபக்கம் தொங்கிக் கையை விட்டால், அடிபடாமல் இறங்க இயலுமா?

ஜாய்ஸ் 1914இல் வெளியிட்ட ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் ‘கிளே’ என்றொரு சிறுகதை உண்டு. அதில் வரும் மரியா என்ற சிறுகூடான முதிய பெண், வழி தவறிய பெண்களுக்கென நடத்தப்பட்ட ஒரு சலவைச் சாலையின் சமையற்கட்டில் வேலை செய்பவள். அது வேறு சபையார் நடத்தியது. மரியாவும் அங்கே அடைக்கப்பட்டவள் அல்லள், பணியாள். அனைத்துப் புனிதர் திருநாளின் முந்திய மாலை, அனுமதி பெற்று வெளியே வருகிறாள். நெல்சன் தூண் வரை ஒரு டிராம், அங்கிருந்து மற்றொரு டிராம். ஆசையோடு வாங்கிய கேக்கை வழியில் டிராமிலேயே விட்டுவிடுகிறாள். உறவாகப் பழகியவர்கள் வீட்டில் விளையாட்டு, பாட்டு. பாட்டின் முதற்பகுதியையே இருமுறை பாடிவிடுகிறாள். அதை யாரும் திருத்தவில்லை. அதற்குமேல் கதையில் ஒன்றுமில்லை. அவளுக்கு ஒரு பெயரையும், போக வர இரண்டு டிராம்களையும், தொலைப்பதற்கு ஒரு கேக்கையும் ஜாய்ஸ் கொடுத்திருக்கிறார்.

டெலானியின் சுருளில் உள்ள பெண்களுக்கு ஒலி இல்லை. அவர்களுள் யார் எவர் என்று சுருள் சொல்வதில்லை. குளோஸ்டர் தெருவிலிருந்து நெல்சன் தூண் நடை தூரம்தான். அந்த 1930களில் அங்கே டிராம்கள் ஓடிக்கொண்டிருந்தன.